வறண்ட வாயும் குழாயில் தேங்கும் நீரும்: சிபாப் ஈரப்பதமூட்டியின் தொல்லைகள் வேலூர் வீடுகளில் எங்கிருந்து வருகின்றன

தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்களுக்குக் கொடுக்கப்படும் சிபாப் கருவியைப் பற்றி வேலூர்ப் பக்கத்தில் எழும் புகார்களில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. விடியும்போது வாயும் தொண்டையும் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பது ஒன்று. பின்னிரவில் குழாய்க்குள் தண்ணீர் சலசலத்து மூக்கில் தெறிக்கிறது என்பது மற்றொன்று. முதல் தொல்லை வந்தவர் ஈரப்பதமூட்டியில் ஈரத்தின் அளவைக் குறிக்கும் எண்ணைக் கூட்டுகிறார். இரண்டாவது தொல்லை வந்தவர் அதைக் குறைக்கிறார். அப்படிச் செய்ததில் வறட்சிக்காரருக்குக் குழாயில் நீர் தேங்குவதும், நீர் தேங்கியவருக்கு மூக்கு காய்ந்து இரத்தம் கசிவதும் நடக்கின்றன. பிறகு இருவருமே கருவி தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி அதை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். உண்மையில் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த எண்ணிலிருந்து பிறப்பவை அல்ல. முகமூடியிலும் வாயிலும் ஏற்படும் காற்றுக் கசிவு, படுக்கும் அறையின் வெப்பநிலை ஆகிய இரண்டையும் பார்க்காமல் எண்ணை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால் வழி பிறக்காது.

கருவியின் அடிப்படை எளிமையானது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுவழியை அடைத்துவிடாதபடி, அறைக்காற்றை உறிஞ்சிச் சற்று அழுத்தத்தோடு மூக்கு வழியாக உள்ளே செலுத்துவதுதான் அதன் வேலை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் இந்த முறையை மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்றைய வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அளவுக்குள் அழுத்தம் தருகின்றன. ஈரப்பதமூட்டி என்பது இதனோடு இணையும் ஒரு தண்ணீர்ப் பெட்டியும் அதன் அடியில் உள்ள வெப்பத்தட்டும்தான். காற்று வெதுவெதுப்பான நீரின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும்போது ஆவியை ஏந்திக்கொள்கிறது. நோயை அடக்குவது அழுத்தம்; ஈரப்பதம் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள உதவும் வசதி மட்டுமே. தண்ணீர் ஊற்ற மறந்த ஓர் இரவில் மூக்கு காயலாம், ஆனால் சிகிச்சை நின்றுபோவதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

மூக்கு இயல்பாகச் செய்யும் வேலையை முதலில் கவனிக்க வேண்டும். நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் உட்பகுதியை அடையும்போது 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடும், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 44 கிராம் நீராவியோடும் இருக்க வேண்டும். 24 டிகிரியில் ஏசி ஓடும் அறையில், சார்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், காற்றில் இருப்பது 11 கிராம் மட்டுமே. மீதி முழுவதையும் மூக்கின் சளிச்சவ்வும் மேல்மூச்சுக்குழலும் கொடுக்கின்றன. சாதாரணமாக அது பெரிய சுமை அன்று. ஏனெனில் வெளிவிடும் மூச்சு அதே மூக்கு வழியாகத் திரும்பும்போது, உள்ளிழுத்தலில் குளிர்ந்த சவ்வின்மீது தன் ஆவியில் ஒரு பகுதியைப் படியவிட்டுச் செல்கிறது. கொடுத்ததில் கொஞ்சம் திரும்ப வருவதால் கணக்கு ஓரளவு சரியாகிறது.

வாய் திறந்துகொண்டால் இந்தக் கணக்கு குலைகிறது. மூக்கை மட்டும் மூடும் முகமூடி அணிந்தவர் உறக்கத்தில் வாயைத் திறந்தால், அழுத்தத்தோடு வரும் காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியே வெளியேறத் தொடங்குகிறது. அப்போது மூக்கில் காற்று ஒரே திசையில், வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடுகிறது. வெளிமூச்சு மூக்குக்குத் திரும்பாததால் அது கொடுத்த ஈரமும் திரும்புவதில்லை. வறண்டு எரிச்சலடைந்த சவ்வு தன்னைக் காத்துக்கொள்ள இரத்த ஓட்டத்தைக் கூட்டி வீங்குகிறது. மூக்கு அடைக்கிறது. அடைத்த மூக்கால் மூச்சுவிட முடியாமல் வாய் இன்னும் அகலமாகத் திறக்கிறது. இந்தச் சுழல் தொடங்கியபின் ஈரப்பதத்தை உச்ச எண்ணுக்கு ஏற்றினாலும் பயன் குறைவு. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பானது அது.

ஆகவே காலையில் வாய் காய்ந்திருக்கிறது என்பவர் முதலில் பார்க்க வேண்டியது கருவியின் திரையில் தெரியும் கசிவு அளவை. முகமூடியில் வேண்டுமென்றே விடப்பட்ட துளைகள் வழியாக, வெளிவிடும் கரியமிலவாயு போவதற்காக, காற்று எப்போதும் வெளியேறிக்கொண்டிருக்கும். அதைக் கழித்துவிட்டே பல கருவிகள் கசிவைக் காட்டுகின்றன. ரெஸ்மெட் கருவிகளில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேற்பட்ட கசிவு அதிகம் என்று கொள்ளப்படுகிறது. மற்ற நிறுவனங்களின் எல்லை வேறு என்பதால் கருவியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். கசிவு மிகுந்திருந்தால், முகமூடியின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருக்கிறதா, பட்டைகள் தளர்ந்திருக்கின்றனவா, மீசை இடிக்கிறதா, இரவில் பல்செட்டைக் கழற்றியதால் கன்னம் ஒடுங்கிவிட்டதா என்று வரிசையாகப் பார்க்கலாம். படுக்குமுன் முகத்துக்குத் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அந்த வழுவழுப்பில் முகமூடியின் சிலிக்கோன் விளிம்பு நிற்பதில்லை, நாளடைவில் அதுவும் கெட்டுப்போகிறது. இவையெல்லாம் சரியாக இருந்தும் வாய் திறக்கிறது என்றால் தாடைப்பட்டை அல்லது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி உதவும். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளும் உத்தியை மருத்துவரைக் கேட்காமல் யாரும் செய்யக் கூடாது. மூக்கடைப்போ வாந்தியோ வரும் இரவில் அது ஆபத்து.

இனி எதிர்த்தரப்புப் புகார். வெப்பமான காற்று அதிக ஆவியைத் தாங்கும், குளிர்ந்த காற்றால் அவ்வளவு தாங்க முடியாது; குழாயில் நீர் தேங்குவதன் காரணம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. தண்ணீர்ப் பெட்டியிலிருந்து 30 டிகிரியில் ஆவியால் நிறைவுற்ற காற்று கிளம்புகிறது என்று கொள்வோம்; அதில் கன மீட்டருக்கு 30 கிராம் ஆவி இருக்கும். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள குழாயைக் கடக்கும்போது அது அறையின் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதனால் 22 கிராமுக்கு மேல் சுமக்க முடியாது. எஞ்சிய 8 கிராம் குழாயின் உட்சுவரில் நீராகிறது. நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று ஓடுகிறது என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 கன மீட்டர். ஏழு மணி நேர உறக்கத்தில் குழாயில் சேரக்கூடிய நீர் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர். இது உச்சவரம்பு, பெட்டியில் காற்று முழுமையாக நிறைவுறுவதில்லை, ஒரு பகுதி நீர் பெட்டிக்கே வடிந்துவிடும். ஆனாலும் தொல்லையின் அளவு இதில் புலப்படும். தேங்கிய நீர் மூக்கில் தெறிப்பது மட்டும் அன்று, குழாயின் வளைவில் நின்று காற்றழுத்தத்தை ஏறவும் இறங்கவும் செய்கிறது. உறங்குபவர் காரணம் தெரியாமலே விழித்துக்கொள்கிறார்.

அயல்நாட்டு நிறுவனங்களின் கையேடுகள் இந்தத் தொல்லையைக் குளிர்காலப் பிரச்சினையாகவே பேசுகின்றன. வேலூர்வாசிக்கு அது விநோதமாகத் தோன்றும். கத்திரி வெயிலில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான ஊரில் குளிர் எங்கிருந்து வரும்? ஏசியிலிருந்து வருகிறது. 2020 முதல் விற்பனையாகும் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் இயல்புநிலையில் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. வெயிலில் வெந்து வந்தவர் அதையும் 20-க்கோ 18-க்கோ இறக்கி, மேலே மின்விசிறியையும் சுழலவிட்டுப் படுக்கிறார். ஏசிக் காற்று நேராகக் குழாயின்மீது வீச, மின்விசிறி அந்தக் குளிர்ச்சியை விரைவுபடுத்த, ஏப்ரல் மே மாதங்களிலேயே இங்கே குழாயில் நீர் தேங்குகிறது. ஜன்னலைத் திறந்து மின்விசிறியோடு மட்டும் படுப்பவருக்கு அதே மாதத்தில் இத்தொல்லை பெரும்பாலும் வராது. ஒரே தெருவில், ஒரே கருவியை, ஒரே எண்ணில் வைத்திருக்கும் இருவருக்கு வேறுவேறு தொல்லை வருவதன் காரணம் இதுதான்.

தொல்லை எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் குறித்துவைப்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன்; எந்த எண் மாற்றத்தையும்விட அது அதிகம் சொல்லும். மின்கட்டணத்துக்கு அஞ்சி ஏசியை டைமரில் வைத்து, பின்னிரவில் தானாக அணையும்படி செய்வது நம் வீடுகளில் சகஜம். ஏசி ஓடும் முன்னிரவில் காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும். அப்போது குழாயில் நீரும், கசிவு இருந்தால் மூக்கில் வறட்சியும் சேர்ந்தே வரலாம். ஏசி அணைந்தபின் அறை 29, 30 டிகிரிக்கு ஏறும்போது அதே எண் அதிகமாகிவிடுகிறது. முகத்தில் வெந்நீர் ஆவி அடிப்பதுபோல் இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று முகமூடியைக் கழற்றி எறிபவர்கள் இந்த நேரத்துக்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது குறைந்த ஈரப்பதமும் குறைந்த குழாய்ச் சூடும். மார்கழி, தை மாதங்களில் ஏசி இல்லாமல் படுப்பவருக்கு நிலைமை தலைகீழ்: படுக்கும்போது சுகமாக இருக்கும் அமைப்பு, வெளிக்காற்று குளிரும் விடியற்காலையில் குழாயில் நீரைச் சேர்க்கும். ஏலகிரி, ஜவ்வாது மலைகளில் தங்கப் போகிறவர்கள் எந்த மாதத்திலும் இதை எதிர்பார்க்க வேண்டும்.

நீர் தேங்குவதற்கான தீர்வுகளில் செலவில்லாதவற்றை முதலில் செய்யலாம். ஏசியின் காற்றுத் திசையைக் குழாயிலிருந்து விலக்குவது, குழாயைப் போர்வைக்குள் கொண்டுவருவது அல்லது அதற்குத் துணியுறை போடுவது, கருவியைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே சிறு முக்காலியில் வைப்பது. கடைசியாகச் சொன்னதால் குழாயில் தேங்கிய நீர் முகத்தை நோக்கி ஓடாமல் பெட்டிக்கே வடியும். தரையில் வைத்தால் தூசியை உறிஞ்சும் என்பதையும் மறக்கக் கூடாது. இவற்றாலும் தீராவிட்டால் உள்ளே மின்கம்பி ஓடும் சூடேறும் குழாய் இருக்கிறது. பெட்டியில் ஏறிய ஆவி வழியில் குளிராமல் காப்பது அதன் வேலை. ஆகையால் நீர் தேங்கும்போது ஈரப்பத எண்ணைக் குறைக்குமுன் குழாயின் வெப்பநிலையை ஒன்றிரண்டு டிகிரி கூட்டிப் பார்ப்பதே முறை. அப்படிச் செய்தால் மூக்குக்கு வேண்டிய ஈரமும் குறையாது. அறையின் வெப்பநிலையை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும் தானியங்கு நிலை சில கருவிகளில் உண்டு. டைமரில் ஏசி ஓட்டும் வீட்டுக்கு அது மிகப் பொருத்தம். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று இரவுகள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

தும்மலும் மூக்கொழுகலும் அடைப்பும் வேறு வகை. கருவி உறிஞ்சுவது அறைக்காற்றைத்தான் என்பதால், கொசுவர்த்திச் சுருளின் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி, சாலைத் தூசி எல்லாம் வடிகட்டியைத் தாண்டிய அளவுக்கு நேராக மூக்குக்கே வருகின்றன. நெடுஞ்சாலையை ஒட்டிய சத்துவாச்சாரி போன்ற பகுதிகளில் வடிகட்டி விரைவில் கறுத்துவிடும். கையேட்டில் சொன்ன காலக்கெடுவுக்குக் காத்திராமல் நிறம் மாறியதும் மாற்றிவிடுவதே நல்லது. மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் சொட்டுமருந்து இன்னொரு கேடு. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டுகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கும். பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் மூச்சே விட முடியாது என்ற நிலை வருகிறது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு உதவுகிறது. அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரோ கிருமி நீக்கிய நீரோதான் பயன்பட வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. மூக்குக்குள் போகும் நீரிலுள்ள அமீபாவால் மூளைத்தொற்று வந்த நிகழ்வுகள் உண்டு. ஒவ்வாமை மூக்கழற்சி இருப்பவருக்கும், மூக்குத்தண்டு வளைந்தவருக்கும் ஈரப்பதமூட்டி மட்டும் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம் அது.

பெட்டியில் ஊற்றும் தண்ணீருக்கு வருவோம். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் எவ்வளவு உப்பேறியது என்பதை இங்கே குடியிருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே திருப்பமாக அமைந்தது. போர்வெல் நீரைப் பெட்டியில் ஊற்றினால் ஆவி மட்டும் போய் உப்பெல்லாம் அடியில் தங்கும். சில வாரங்களில் வெள்ளைப் படலம் கட்டும், தட்டின் சூடு நீருக்குச் சரியாக ஏறாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கேன் தண்ணீரிலும் ஆர்ஓ நீரிலும் உப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. வாலை வடித்த நீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர்தான் இதற்கு உகந்தது. பெட்ரோல் பங்கிலும் மின்சாதனக் கடையிலும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கென்று விற்கும் நீரைப் பலர் இதற்கு வாங்குகிறார்கள். உப்பு நீக்கப்பட்டிருந்தாலும் அது மனிதர் மூச்சுக்கென்று தயாரித்த நீர் அன்று, தூய்மைக்கு உத்தரவாதமும் இல்லை. சர்ஜிக்கல் கடையில் மருத்துவப் பயன்பாட்டுக்கென்று கிடைப்பதையே கேட்டு வாங்க வேண்டும். குளுக்கோஸ், சலைன் பாட்டில்களை ஊற்றுவது அறவே தவறு.

ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த வகை ஈரப்பதமூட்டி ஆவியைத்தான் அனுப்புகிறது. நெபுலைசரைப் போலத் துளிகளைத் தெறிப்பதில்லை. ஆகையால் நீரிலுள்ள உப்பும் கிருமியும் காற்றோடு நுரையீரலுக்குப் போவது சாதாரணமாக நடப்பதில்லை. ஆனால் பெட்டி சாய்ந்து நீர் குழாயில் புகுந்தாலோ, அழுக்கான குழாயில் தேங்கிய நீர் தெறித்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. நேற்றைய மிச்சத்தின்மேல் இன்று ஊற்றி நிரப்பும் வழக்கம் வழுவழுப்பான கிருமிப் படலத்தை வளர்க்கிறது. காலையில் மிச்சத்தைக் கொட்டி, மென்மையான சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலரவைப்பது போதும். உப்புக்கறைக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகரும் பத்துப் பங்கு நீரும் கலந்து ஊறவைத்து நன்கு அலசலாம். நீரோடு கருவியைத் தூக்கி இடம் மாற்றக் கூடாது. மோட்டாருக்குள் நீர் போனால் செலவு பெரிது.

சளி பிடித்தால் நொச்சி இலையும் தைலமும் போட்டு ஆவி பிடித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் மூக்கு அடைத்த இரவில் தண்ணீர்ப் பெட்டியில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விடத் தோன்றுவது இயல்பே. ஆயினும் செய்யக் கூடாது. ஆவி பிடிப்பது சில நிமிட வேலை. இங்கே எண்ணெயின் ஆவியை ஏழு மணி நேரம் அழுத்தத்தோடு மூச்சுக்குழலுக்குள் செலுத்துகிறோம், ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சிரைப்பைத் தூண்டலாம். பெட்டியின் பிளாஸ்டிக்கும் கெடும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் சாதனங்களையும் தவிர்ப்பது நல்லது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல சிபாப் கருவிகளைத் திரும்பப் பெற்றது, அவற்றின் உள்ளே ஒலியைத் தணிக்கும் நுரைப்பஞ்சு சிதைவதாகத் தெரியவந்ததால்தான். ஓசோன் சுத்திகரிப்பும் மிகுந்த வெப்பமும் ஈரமும் அந்தச் சிதைவை விரைவுபடுத்தலாம் என்று அப்போது கூறப்பட்டது. நம் கோடையை எண்ணிப் பார்த்தால் இது வெறும் அயல்நாட்டுச் செய்தி அன்று. பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குபவர்கள் வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். குழாயில் கருந்துகள் தென்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மின்வெட்டு இரவுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. கருவியில் மின்சாரத்தை அதிகம் இழுப்பவை வெப்பத்தட்டும் சூடேறும் குழாயும்தான். காற்றை ஊதும் மோட்டாருக்குத் தேவை குறைவு. இன்வெர்ட்டரில் ஓட்டும்போது இவ்விரண்டையும் அணைத்துவிட்டால் பேட்டரி நெடுநேரம் தாங்கும். சூடில்லாமலும் பெட்டியிலுள்ள நீரின்மேல் காற்று செல்வதால் ஓரளவு ஈரம் கிடைக்கும்; மின்வெட்டில் ஏசியும் நின்று அறை வெப்பமாகிவிடுவதால் அது பெரும்பாலும் போதுமானதே.

ஈரப்பதமூட்டியின்மீது தவறாகச் சுமத்தப்படும் பழிகளும் இருக்கின்றன. காலையில் வயிறு உப்பிப் பலமுறை ஏப்பம் வருவது காற்றை விழுங்குவதால் வருவது. அழுத்தம் தொடர்பான கேள்வி அது. கண் காய்ந்து சிவப்பது முகமூடியின் மேல்விளிம்புக் கசிவால். வாய் வறட்சிக்குச் சர்க்கரை நோயும், ஒவ்வாமை மாத்திரைகளும், சில மனச்சோர்வு மருந்துகளும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளும் காரணமாகலாம். சிபாப் தொடங்குமுன்பே வறட்சி இருந்ததா என்று கேட்டுக்கொண்டால் இது தெளியும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை உண்பவர்களுக்கு மூக்கின் சிறு வறட்சியும் இரத்தக் கசிவாக மாறும். அவர்கள் அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காய்ச்சல், கன்னத்திலும் நெற்றியிலும் வலி, மஞ்சள் சளி, காதுவலி, அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு இரத்தம், புதிதாகத் தொடங்கிய இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் எண்களைத் திருப்பிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருவியை நிறுத்தும் முடிவையும் தாமாக எடுக்கக் கூடாது, குறிப்பாக மூச்சுத்தடை கடுமையாக உள்ளவர்களும் இரவில் லாரி, பேருந்து ஓட்டுபவர்களும். போகும்போது முகமூடியோடு கருவியின் தகவல் அட்டையையும், எந்த மணிக்கு எந்தத் தொல்லை, அப்போது ஏசி ஓடியதா என்று எழுதிய சில நாள் குறிப்பையும் எடுத்துச் செல்ல வேண்டும். கசிவும் அழுத்தமும் மூச்சுத்தடைகளின் எண்ணிக்கையும் அட்டையில் மணிவாரியாகப் பதிந்திருக்கும். அந்தக் குறிப்போடு அதைப் பொருத்திப் பார்த்தால், மாற்ற வேண்டியது ஈரப்பதமா, முகமூடியா, அழுத்தமா என்பதை மருத்துவரும் தொழில்நுட்பரும் ஒரே அமர்வில் சொல்லிவிட முடியும்.